கருமணற் கரையில் உலோகங்காண் கருவி

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து வடக்கு நோக்கி நிலாவெளி, குச்சவெளி, திரியாய் என்னும் ஊர்களைக் கடந்து ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று மேற்சென்றால் புல்மோட்டையை அடையலாம். நிலாவெளியின் வெண்மணலிற் பழகிய கண்ணுக்கு இவ்வூர்க் கரை முதலில் மயக்கத்தையே தரும். அலை நனைத்து மீண்ட இடமெல்லாம் கரி தூவினாற்போலக் கறுத்துக் கிடக்கும். ஒரு கைப்பிடி அள்ளிப் பார்ப்போர் அதன் பாரத்தை உடனே உணர்வர். வெண்மணலின் பாரத்திலும் அது ஒன்றரை மடங்குக்கு மேற்பட்டது. இந்த மணலே புல்மோட்டையின் செல்வம். 1957 ஆம் ஆண்டிலே கனிய மணற் கூட்டுத்தாபனம் நிறுவப்பெற்றதும், இன்று அதன் வழிவந்த அரச நிறுவனம் அங்கே தொழில் நடத்துவதும் இம்மணலின் பொருட்டேயாம்.

இக்கரையிலே கணையாழி தொலைத்தோரும், அத்தகையோருக்கு உதவ எண்ணுவோரும், விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் நம் பழைய மாணவருட் சிலரும் அண்மைக் காலத்திலே வினவும் வினா ஒன்றுண்டு: கடற்கரையிலும் ஆழமில்லாத நீரிலும் உலோகம் தேடுதற்கு எந்தக் கருவியை வாங்குவது? இக்கருவியை நம் ஊர்ப் பேச்சில் 'ஸ்கான் மெசின்' என்பர். 'உலோகங்காண் கருவி' என்பதே பொருளுக்குப் பொருந்துமாகலின் இக்கட்டுரையில் அப்பெயரையே வழங்குவோம். வினா எளிதாகத் தோன்றினும் புல்மோட்டையைப் பொறுத்தமட்டில் விடை எளிதன்று. இங்கிலாந்துக் கரைக்கோ அவுஸ்திரேலியக் கரைக்கோ எழுதப்பட்ட கைந்நூலைப் படித்து விலையுயர்ந்த கருவியை வாங்கி வருவோர், புல்மோட்டையில் அதை இயக்கிய முதல் நிமிடத்திலேயே அது ஓயாது கூவுவதைக் கண்டு திகைப்பர். கருவி பழுதன்று, மணலே கூவுகின்றது. அஃது ஏன் என்பதை அறிந்தாலன்றித் தெரிவு செய்ய இயலாது.

புல்மோட்டைக் கருமணலிலே ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு இல்மனைற் என்னும் கனியம். இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த பொருள் அது. றூற்றைல், சேர்க்கோன் ஆகியன அடுத்த நிலையில் உள்ளன. மொனசைற், சிலிமனைற் முதலியன சிறு அளவின. மக்னற்றைற் என்னும் காந்த இரும்புக் கல்லின் துகள்களும் இடையிடையே காணப்படும். மக்னற்றைற்றைப் பள்ளிக்கூடத்துக் குதிரைலாடக் காந்தமே இழுத்துவிடும். இல்மனைற்றுக்கு வலிய காந்தம் வேண்டும். தொழிற்சாலையிலும் இவ்வேறுபாட்டைக் கொண்டே மணலைப் பிரிக்கின்றனர். முதலில் மென்காந்தம், அடுத்து வன்காந்தம், காந்தத்துக்கு அகப்படாத றூற்றைலையும் சேர்க்கோனையும் ஒன்றினின்று மற்றொன்றைப் பிரிக்க மின்னேற்ற முறை என்று அப்பணி நடைபெறும். நம் நாட்டுக் கனியங்களை முதன்முதல் முறையாக ஆராய்ந்தவர் ஆனந்த குமாரசுவாமி என்பதையும், கலை விமரிசகராகப் புகழ் பெறுமுன் அவர் இந்நாட்டுக் கனிய ஆய்வுப் பகுதியின் தலைவராயிருந்து 1904 ஆம் ஆண்டளவிலே தோரியனைற் என்னும் புதுக் கனியத்தை உலகுக்கு அறிவித்தார் என்பதையும் இங்கே நினைவூட்டல் தகும். நம்மவர் பலர் அவருடைய நடராச தத்துவத்தை அறிவர். அவர் கல் உடைத்த கதையை அறிந்தோர் சிலரே.

இனி, கருவி தொழிற்படும் முறைக்கு வருவோம். இதன் மூலம் புதியதன்று. 1879 இல் டேவிட் ஹியூஸ் என்பவர் தூண்டற் சமநிலை என்னும் அமைப்பை உருவாக்கினார். 1881 இல் அமெரிக்க சனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, அவர் உடலினுள்ளே தங்கிய குண்டைக் காணத் தொலைபேசி கண்ட கிரகம் பெல் அவ்வமைப்பைத் திருத்திப் பயன்படுத்த முயன்றார், முயற்சி பலிக்கவில்லை. நோயாளி படுத்திருந்த மெத்தையின் எஃகுச் சுருள்கள் கருவியைக் குழப்பின என்பர். தேடும் பொருளைச் சூழ்ந்துள்ளதே தேடுதலைக் கெடுக்கும் என்னும் இடர் அன்றே தோன்றிற்று. புல்மோட்டையிலே மணல்தான் அந்த மெத்தை. இரண்டாம் உலகப் போரிலே போலந்து நாட்டுப் படையதிகாரி யோசெஃப் கொசாட்ஸ்கி அமைத்த கண்ணிவெடி காண் கருவி 1942 இல் எல் அலமைன் போர்க்களத்திற் பயன்பட்டது. பொழுதுபோக்குக்காகப் பலர் இக்கருவியைத் தாங்கித் திரியத் தொடங்கியது அதன் பின்னரே.

கருவியின் அடியிலுள்ள வட்டத் தட்டினுள்ளே கம்பிச் சுருள் உண்டு. அதிலே ஆடலோட்ட மின்சாரம் செல்ல, மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப்புலம் மணலுட் புகும். அப்புலத்தினுள்ளே கணையாழி ஒன்று கிடக்குமாயின் அதன் உடலிற் சுழியோட்டங்கள் எழும். அவ்வோட்டங்களும் தமக்கெனச் சிறு காந்தப்புலத்தை உண்டாக்கும். அதனை மற்றொரு சுருள் ஏற்றுக் காதுக்கு ஒலியாக்கித் தரும். கணையாழி இவ்வாறு கொடுக்கும் விடை சற்றுத் தாமதித்தே வரும். அந்தத் தாமதமே எல்லாவற்றுக்கும் திறவுகோல்.

வகுப்பிலே ஆசிரியர் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவதை நினைத்துக்கொள்க. காந்தத்தன்மையுள்ள கருமணல், பெயர் கேட்ட கணமே 'உள்ளேன் ஐயா' என்று உரத்துக் கத்தும் மாணவன் போன்றது. அதன் விடையிலே தாமதம் இல்லை. உப்புநீர் கால் அலைவு தாமதித்து விடை சொல்லும். தடித்த வெள்ளி நாணயம் அரை அலைவுக்குக் கிட்டத்தட்டத் தாமதிக்கும். பொற்கணையாழி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. மெல்லிய பொன்னோ உப்புநீருக்கு அடுத்த வாங்கிலேயே அமர்ந்திருக்கும். உலர்ந்த கருமணலில், உடனே கத்துபவனின் குரலை மட்டும் தள்ளிவிடுமாறு கருவியைச் சீர்செய்யலாம்; இதனை நிலச் சமநிலை என்பர். ஈரமான வெண்மணலில் உப்புநீரின் குரலைத் தள்ளலாம். புல்மோட்டையின் அலைவாய்க்கரையிலோ இருவரும் ஒருங்கே கத்துகின்றனர். அன்றியும் ஒவ்வோர் அலை வந்து மீளுந்தோறும் அவ்விரு குரல்களின் கலப்பும் மாறிக்கொண்டேயிருக்கும். ஒரே மீடிறனில் இயங்கும் கருவிக்கு இது தாங்கவொண்ணாத சந்தை இரைச்சல்.

தாமதமே யன்றி ஆழமும் பகையாம். சுருளிலிருந்து பொருளுக்குச் செல்லும் புலம் தூரத்தின் மூன்றாம் அடுக்கிற் குறையும். பொருளிலிருந்து மீளும் புலமும் அவ்வாறே குறையும். ஆகவே ஆழம் இருமடங்காயின் விடையின் வலிமை ஏறத்தாழ அறுபத்துநான்கில் ஒன்றாகச் சுருங்கும். விளம்பரத்திலே 'இரண்டு மீற்றர் ஆழம்' என்று அச்சிட்டிருப்பது பீப்பாய் அளவுப் பொருளுக்கே பொருந்தும். கணையாழி ஒன்றை நல்ல மணலில் ஒரு சாண் ஆழத்தில் ஐயமறக் கேட்டால் அக்கருவி நற்கருவியே. அலைவாயிலுள்ள கருமணலில் அவ்வாழம் மேலும் குறையும்.

இவ்விடத்திலே தாலிக்கொடியைப் பற்றிக் கூறாதிருத்தல் இயலாது. கடலாடும்போது கழுத்திலிருந்து கழன்றுபோவது பெரும்பாலும் கணையாழியன்று, கொடியே. ஒன்பது பவுண் கொடியாயினும் கருவிக்கு அது ஒன்பது பவுண் பொன்னாகத் தோன்றாது. மூடிய வளையத்திலேதான் சுழியோட்டம் தடையின்றி ஓடும். கொடியோ நூற்றுக்கணக்கான சிறு வளையங்களின் தொடர். ஒரு வளையத்திலிருந்து மற்றொன்றுக்கு மின் தொடர்பு நன்றாயிராமையால், கருவி ஒவ்வொரு சிறு வளையத்தையும் தனித்தனியே காண்கின்றது. ஆதலின் ஒரு பவுண் மோதிரம் உரக்க ஒலிக்கும் இடத்திலே பல பவுண் கொடி முணுமுணுக்கும், அல்லது வாளாவிருக்கும். கொடியோடு கோத்த தாலியும் தட்டையான காசுகளுமே பெரும்பாலும் அதனைக் காட்டிக்கொடுக்கும். உடைந்து வாய் திறந்த மோதிரத்துக்கும் இதே குறை உண்டு. கொடி தொலைத்த குடும்பத்துக்குக் கருவியாளர் உறுதிமொழி எதுவும் கொடாதிருத்தல் நலம்.

சந்தையிலே கிடைக்கும் கருவிகளை மூவகையாகக் காணலாம். முதலாவது வகை, தாழ்ந்த மீடிறன் ஒன்றிலே இடையறாது இயங்குவது. விலையிற் குறைந்தவை பெரும்பாலும் இவ்வகையினவே. தோட்டத்துக்கும் விளையாட்டுத் திடலுக்கும் இவை போதும். நிலாவெளி, உப்புவெளிக் கரைகளின் உலர்ந்த மேன்மணலிலும் நன்கு தொழிற்படும். புல்மோட்டைக்கு இவற்றை வாங்குதல் பணத்தைக் கடலில் இடுவதற்கு ஒப்பாம். கூவுதலை அடக்க உணர்திறனைக் குறைத்துக்கொண்டே போனால் ஈற்றிலே கருவி அமைதியாகும். அவ்வமைதியிலே கணையாழியும் அடங்கிவிடும்.

இரண்டாவது வகை துடிப்புத் தூண்டற் கருவி. இதன் நுட்பம் அழகானது. இது இடையறாது பாடுவதில்லை. ஓர் அடி அடித்துவிட்டுச் செவிசாய்த்துக் கேட்கும். சுருளிலே மின்னோட்டம் சட்டென நிறுத்தப்பட்டதும் கருமணலின் காந்தத்தன்மை பெரும்பாலும் அக்கணமே ஒழியும். உப்புநீரிலே எழுந்த ஓட்டமும் சில மைக்கிரோ செக்கனிலே தேய்ந்து போகும். உலோகத்திற் சுழியோட்டம் மட்டும் சற்றே நீடிக்கும். பத்துப் பதினைந்து மைக்கிரோ செக்கன் பொறுத்துக் கேட்குமாயின், கத்தியவர் எல்லாரும் ஓய்ந்தபின் மெல்லப் பேசுபவரின் குரல் தெளிவாகக் கேட்கும். கருமணலுக்கும் கடல்நீருக்கும் ஒருங்கே மருந்தாயமைந்த முறை இது. காரட் நிறுவனத்தின் சீ ஹன்ரர் போன்ற கருவிகள் இவ்வகையின. சுழியோடிகள் அறுபது மீற்றர் ஆழம் வரை கொண்டு செல்லத்தக்கனவாக அவை அமைந்துள்ளன. மெல்லிய பொன்னின் ஓட்டம் உப்புநீரின் ஓட்டத்தைப் போல விரைவில் தேய்ந்துவிடுதல் இதன் சிறு குறை. பெருங்குறை வேறொன்று: இன்ன உலோகம் என்று இது பிரித்துக் கூறாது. ஆணியும் பொன்னும் இதற்கு ஒன்றே. ஒலித்த இடமெல்லாம் தோண்ட வேண்டும். பிறநாட்டிலே இது முதுகுவலியை மட்டுமே தரும். நம் கரையிலோ வேறொன்றையும் தரலாம். அதைப் பின்னர்க் காண்போம்.

மூன்றாவது வகை, ஒரே வேளையிற் பல மீடிறன்களில் இயங்குவது. மணலின் விடை மீடிறனுக்கு ஏற்ப மாறுவது ஒருவகை, உப்புநீரின் விடை மாறுவது மற்றொருவகை. ஒரே கணத்திற் பல மீடிறன்களின் விடைகளையும் பெற்று ஒன்றோடொன்று ஒப்பிட்டால் இரண்டையும் கழித்துவிடலாம். இரண்டு மாறிகளுக்கு இரண்டு சமன்பாடு வேண்டுமென நம் கணித ஆசிரியர் கற்பித்ததே இங்கே பயன்படுகின்றது. அவுஸ்திரேலியாவின் மைன்லாப் நிறுவனம் எக்ஸ்காலிபர் என்னும் நீர்க்கருவியில் இம்முறையைக் கையாண்டது. 2018 இல் வெளிவந்த ஈக்குவினொக்ஸ் வரிசைக் கருவிகள் மூன்று மீற்றர் நீருட் செல்லத்தக்கன. அதன்பின் வேறு நிறுவனங்களும் இவ்வழியே வந்துள்ளன. இரும்பின் ஒலி வேறு, பிறவற்றின் ஒலி வேறு என ஓரளவு பிரித்தறியவும் இவை உதவும். கருமணல் மிகத் தடித்துப் படிந்த இடத்தில் இவையும் ஆழத்தை இழக்கும். ஆயினும் பைத்தியம் பிடித்தாற்போலக் கூவமாட்டா.

புல்மோட்டைக்கு எது? மணலை மட்டும் நோக்கின் துடிப்புத் தூண்டற் கருவியே சிறந்தது. மணலினுள்ளே கிடப்பவற்றையும் சேர்த்து நோக்கின் பன்மீடிறன் கருவியையே எழுதுபவர் விரும்புவர். காரணம், இக்கரையிலே இரும்பு மிகுதி. கரைவலை இழுக்கும் துறைகளிலே நங்கூரத் துண்டு, தூண்டில், ஆணி, வெளியிணைப்பு இயந்திரத்தின் உதிரி, ஈயக்குண்டு முதலியன எண்ணிறந்தன. ஈயக்குண்டைக் குறித்து ஓர் எச்சரிக்கை: அதன் ஒலி பொற்கணையாழியின் ஒலியோடு பெரிதும் ஒத்திருக்கும். அதை விலக்குமாறு கருவிக்குக் கற்பித்தால் பொன்னையும் விலக்கியவராவீர். வலைக்காரர் துறையிலே ஒருநாள் முழுதும் ஈயம் பொறுக்குதல் இத்தொழிலின் இயல்பு. மீட்டும் வலைக்காரருக்கே கொடுத்தால் அவர் மகிழ்வர்.

தட்டின் அளவிலும் ஒரு மயக்கம் உண்டு. பெரிய தட்டு ஆழமாகப் பார்க்கும் என்பது மெய்யே. ஆனால் அது பெருமளவு மணலையும் சேர்த்தே பார்க்கின்றது. கருமணலிலே எட்டு அங்குலம் முதல் பத்து அங்குலம் வரையுள்ள தட்டே தகும். நீரினுள்ளே பெரிய தட்டை வீசுதல் துடுப்பைப் பக்கவாட்டில் வீசுவது போலக் கையை ஓய்த்துவிடும். தட்டு மட்டும் நீர்புகாதது, பெட்டி நனைந்தாற் கெடும் என்னும் கருவிகள் பல உண்டு. விற்பவர் 'நீர்புகாதது' என்று கூறின் எது, எத்தனை மீற்றர் வரை எனக் கேட்டறிக. கிழக்குக் கரை அலை ஒருவரை முழங்கால் நீரிலேயே உருட்டிவிடும். ஆகையால் 'நான் நீரில் இறங்கமாட்டேன்' என்பாரும் முழுவதும் நீர்புகாத கருவியையே வாங்குக. காதுக்கருவியும் நீர்தாங்குவதாய் இருத்தல் வேண்டும். அலையோசையிலே மெல்லிய ஒலி ஒலிபெருக்கியிற் கேளாது. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்தபின் நன்னீராற் கழுவுதல் இன்றியமையாதது. துளையிட்ட எஃகு அகப்பை ஒன்றும் தேவை. வெறுங் கையால் மணலைக் கிளறுதல் ஆகாது.

பணம் கொடுக்குமுன் சோதித்துப் பார்த்தல் கூடுமாயின் சோதிக்க. மோதிரம் ஒன்றை நூலிற் கட்டி 10, 15, 20, 25 சென்ரிமீற்றர் ஆழங்களிற் புதைத்து, முதலில் உலர்ந்த வெண்மணலிலும், பின் ஈரமணலிலும், பின் கரும்படையிலும் ஒரே வேகத்தில் தட்டை வீசிக் கேட்க. நூல் எதற்கெனின், கருமணலிற் புதைத்த சொந்த மோதிரத்தைக் கருவியாலேயே காணமுடியாது போனவரும் உண்டென்க. வலிய காந்தம் ஒன்றை மெல்லிய பையிலிட்டுக் கரையெங்கும் தடவிச் சென்றால் எவ்விடத்தில் மணல் மிகுதியாக ஒட்டுகின்றது என்பது விளங்கும். பையைப் புறம் திருப்பினால் துகள் உதிர்ந்துவிடும். விஞ்ஞானம் பயிலும் சிறுவரை அழைத்துச் சென்று செய்யத்தக்க சோதனை இது.

இனி எவ்விடத்திலே தேடுவது? இங்கேதான் இயற்கையின் வேடிக்கை புலனாகும். வெண்மணலின் தன்னீர்ப்பு 2.65, இல்மனைற்றின் தன்னீர்ப்பு ஏறக்குறைய 4.7, ஈயம் 11.3, தூய பொன் 19.3. வடகீழ்ப் பருவக்காற்றின் பேரலைகள் கார்த்திகை முதல் தை வரை கரையை அரித்து, பாரங்குறைந்த வெண்மணலை அள்ளிச் சென்று, பாரமான கருமணலை விட்டுச் செல்கின்றன. ஆண்டுதோறும் புல்மோட்டையிலே கருமணல் புதிதாகச் சேர்வது இவ்வாறே. அரிசி புடைக்கும் சுளகை நினைத்தால் இது எளிதில் விளங்கும். கருமணலைத் தங்கவைக்கும் அதே அலை ஈயத்தையும் நாணயத்தையும் கணையாழியையும் அதன் கூடவே தங்கவைக்கின்றது. ஆகவே பொன் கிடக்கத்தக்க இடமே கருவியின் செவி அடைபடும் இடமாம். வெண்மணல் மேட்டிலே கருவி இனிது தொழிற்படும். அங்கே தேடத்தக்கது நேற்று விழுந்தது மட்டுமே. மாசி, பங்குனியிலே கடல் தணிந்தபின் கரையில் அரிப்பு விட்டுச்சென்ற படிகளின் அடிவாரத்தைத் தேடுதலே முறை. மேனாட்டு நூல்கள் 'வற்றுப் பெருக்குக் கணக்கைப் பார்த்துப் புறப்படுக' என்று பக்கம் பக்கமாக எழுதும். திருகோணமலைக் கடலிலே வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. நமக்கு அந்தக் கணக்கினும் பருவக்காற்றே முதன்மையானது.

மேற்கூறியன யாவும் கருவியைப் பற்றியவை. தோண்டும் கையைப் பற்றிக் கூறவேண்டுவதும் உண்டு. இக்கரை போர் கண்ட கரை. 1942 ஏப்பிரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்று தீப்பற்றிய சகேங் என்னும் கப்பல் 2018 ஆம் ஆண்டிலேதான் துறைமுகத்தின் அடியிலிருந்து தூக்கப்பட்டது. உள்நாட்டுப் போர்க் காலத்திலே, 1997 இல், இல்மனைற் ஏற்றவந்த கோர்டியாலிற்றி என்னும் கப்பல் புல்மோட்டைக்கு அப்பாலே தாக்குண்டது. வடக்கே கொக்கிளாய்ப் பக்கம் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டிருந்த நிலம். 2004 மார்கழி ஆழிப்பேரலை கரையிலுள்ள மணலையும் மணலிற் கிடந்தவற்றையும் புரட்டி வேறிடங்களிலே போட்டது. வெடி அகற்றுவோர் பல்லாண்டு உழைத்து நிலத்தைத் துப்புரவு செய்துள்ளனர். எனினும் கடலும் பருவக்காற்றும் அவர்களிடம் கேட்டுக்கொண்டு மணலை நகர்த்துவதில்லை.

ஆதலின் இதை ஐயமற அறிந்துகொள்க: பொழுதுபோக்குக் கருவி எதுவும் வெடிபொருளையும் பிறபொருளையும் பிரித்துக் கூறாது. பித்தளைத் தோட்டாக்கூடும் அலுமினியப் பொறியும் நாணயம் போலவே இனிதாக ஒலிக்கும். மிதிவெடியின் உடல் பெரும்பாலும் பிளாஸ்டிக். அதிலுள்ள உலோகம் ஊசியளவினது. கருமணலின் இரைச்சலை அடக்க உணர்திறனைக் குறைத்த கருவி அதன் மேலேயே அமைதியாகக் கடந்து செல்லும். கருவி ஒலியாத இடம் தீங்கற்ற இடம் என்று கருதுதல் பெரும் பிழை. பெரிய, தொடர்ந்த இரும்பொலி கேட்குமாயின் தோண்டாது விலகுக. உருளை வடிவாகவோ சிறகுடையதாகவோ எதுவேனும் புலப்பட்டால் தொடாது, இடத்தை அடையாளமிட்டு, பிறரையும் அகற்றி, பொலிசாருக்கோ படையினருக்கோ அறிவிக்க. மக்கள் நாள்தோறும் நடமாடிக் குளிக்கும் துறையில் மட்டும் தேடுதல் என்னும் கட்டுப்பாட்டைத் தாமே விதித்துக்கொள்வோரே இத்தொழிலுக்கு உரியர்.

சட்டமும் வலிது. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்ட பொருள் தொல்பொருளாகக் கொள்ளப்படும். அனுமதிப்பத்திரமின்றி அத்தகைய பொருளைத் தேடித் தோண்டுதல், தன் சொந்தக் காணியிலாயினும், குற்றமாம். திரியாயிலே பழைய சின்னங்கள் உள்ள நிலம் பாதுகாக்கப்பட்டது. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 2003 முதல் தேசிய பூங்கா. புல்மோட்டைக் கனிய மணல் நிலமும் அவ்வாறே பிறர் தோண்டுதற்கு உரியதன்று. புதையல் தோண்டச் சென்றார் என்று உலோகங்காண் கருவியோடு ஆட்கள் கைதாகும் செய்தி நம் நாட்டுப் பத்திரிகையில் அடிக்கடி வெளிவருவது. மோதிரம் தேடச் சென்றவர் தாம் புதையல் தேடவில்லை என்று நள்ளிரவிலே விளங்கவைப்பது எளிதன்று. ஆகையால் வெளிநாட்டிலுள்ள அன்பர் கருவியைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருமுன் சுங்கத் திணைக்களத்திடமும் பாதுகாப்பு அமைச்சிடமும் எழுத்தில் அனுமதி கேட்க, கரையில் இறங்குமுன் கிராம சேவகரிடமும் பொலிஸ் நிலையத்திலும் தெரிவிக்க, இரவிலே செல்லாதிருக்க. அனுமதி கிடையாதெனின் கருவியை அங்கேயே விட்டுவருக. விலை எத்துணையாயினும் பறிமுதலான கருவி எதையும் காணாது.

புதையல் ஆசை மிக்கோர்க்கு ஒரு செய்தி. 1950 ஆம் ஆண்டிலே திருகோணமலையிற் கோணேசர் கோயிலுக்குரிய பழைய தெய்வத் திருமேனிகள் வெளிப்பட்டது கிணறு தோண்டிய மண்வெட்டியினால். 1956 இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமிமலை அடியிலே மூழ்கிக் கோயிற் கற்களைக் கண்டது வெறுங்கண்ணால். 1961 இல் தென்கடலில், மகா இராவணன் கோட்டை என மக்கள் வழங்கும் கிரேற் பாசஸ் பாறைத் தொடரிலே, வில்சன் குழுவினர் ஔரங்கசீப் காலத்துச் சூரத்து வெள்ளி ரூபாய்களைக் கண்டதும் அவ்வாறே. பல நூறு நாணயங்கள் பவளத்தோடு இறுகிக் கட்டியாய்க் கிடந்தன. வெள்ளி கடல்நீரிலே கறுத்து உருக்குலையும். பொன் அவ்வாறு மாறாது. ஆனால் நம் கரையிலே கருவிக்கு உண்மையான வேலை பழம்பொருள் தேடுவதன்று. நேற்று நீராடியபோது விரலிலிருந்து நழுவிய திருமண மோதிரத்தை இன்று தேடிக் கொடுப்பதே அதன் வேலை.

அதற்கு முறை இது. தொலைத்தவரை நின்ற இடத்திலேயே நிற்கச் செய்து, கரையிலுள்ள இரு மரங்களை அடையாளமாகக் கொண்டு இடத்தைக் குறிக்க. கயிறு கட்டி ஒரு மீற்றர் அகலமான பாத்திகளாகப் பிரிக்க. தட்டை மணலோடு ஒட்டி, மெல்ல, ஒரு வீச்சின் மேல் மறுவீச்சு பாதி படியுமாறு வீசுக. ஒரு பாத்தி முடிந்தபின் அதற்குக் குறுக்காக மீண்டும் ஒருமுறை வீசுக. முதல் முறை கருமணலின் இரைச்சலில் மறைந்தது மறுமுறை குறுக்கே வரும்போது கேட்பதுண்டு. மோதிரம் விழுந்து இரண்டொரு நாளாயின் அது பெரும்பாலும் ஒரு சாணுக்கு மேலேயே இருக்கும். இடையிலே ஒரு பேரலைக் காலம் சென்றுவிட்டதாயின் கருமணற் படையின் அடிவரை இறங்கியிருக்கும். அப்பொழுது அடுத்த மாசி மாதம் வரை காத்திருந்து, அலை அரித்த படிகளிலே தேட வேண்டும்.